போகிப் பழசு முதல் பார்சல் அட்டை வரை: வீட்டில் வேண்டாததை வைத்துத் தோட்டத்துக் களையை அடக்குவது எப்படி?

போகிக்கு முந்தின நாள். வாசலில் ஒரு குவியல் சேர்ந்துவிட்டது. ஓரம் பிய்ந்த கோரைப்பாய், சாயம் போன இரண்டு வேட்டி, நைந்துபோன சுங்குடிச் சேலை, ஆறு மாத நியூஸ்பேப்பர், தீபாவளி ஆஃபரில் வாங்கிய சாமான்களின் அட்டைப்பெட்டிகள். வீட்டின் பின்பக்கம் போனால் வேறொரு காட்சி. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த மண்ணில், கத்தரிச் செடியைவிட உயரமாகக் களை நிற்கிறது.

"விடிய நாலு மணிக்கெல்லாம் இதக் கொளுத்திடணும்டா. அப்புறம் அந்தக் களையப் புடுங்கு. உள்ள பாம்பு இருந்தாக்கூடத் தெரியாது" என்கிறார் அம்மா.

"கொளுத்த வேணாம்மா. இந்தப் பழசை வெச்சே அந்தக் களைய முடிச்சிடலாம்னு ரீல்ஸ்ல போட்டிருக்காங்க" என்கிறான் மகன்.

"அதுல உப்பைக் கொட்டவும் சொல்லியிருப்பாங்களே!"

தனி வீடும், பின்னால் கொஞ்சம் மண்ணும் இருக்கிற எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய பேச்சு இது. இதில் இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. வீட்டில் வேண்டாத பொருட்களால் களையை அடக்க முடியும். ஆனால், எல்லாப் பழசாலும் முடியாது. எல்லாக் களையையும் முடியாது. தப்பான பொருளைத் தப்பான இடத்தில் போட்டால் களை போகாது, மண்தான் போகும்.

எரிப்பதில் என்ன பிரச்சினை என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரியும். 2018 போகி அன்று காலை புகையும் பனியும் சேர்ந்து நகரத்தை மூடியதில் சென்னை விமான நிலையத்தில் பல விமானங்கள் ரத்தாகின. டயர், பிளாஸ்டிக், செயற்கை இழைத் துணிகளை எரிக்க வேண்டாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. அப்படியானால் அந்தக் குவியலை என்ன செய்வது? அதில் ஒரு பகுதிக்காவது பின்பக்கத்திலேயே வேலை இருக்கிறது.

களை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

போன வாரம்தான் பிடுங்கினோம், மறுபடி முளைத்துவிட்டதே என்ற அலுப்பு தோட்டம் வைத்த எல்லோருக்கும் உண்டு. காரணம், மண்ணுக்குள் ஏற்கெனவே ஒரு விதைக் கிடங்கு இருக்கிறது. பல ஆண்டுகளாக உதிர்ந்த களை விதைகள் அங்கே தூங்கிக்கொண்டிருக்கின்றன. இந்தச் சிறு விதைகளில் பலவற்றுக்கு முளைக்க ஈரம் மட்டும் போதாது, வெளிச்சமும் வேண்டும். நாம் கொத்தும்போது அடியில் கிடந்த விதை மேலே வருகிறது. வெளிச்சம் படுகிறது. முளைத்துவிடுகிறது. அதாவது, களை எடுக்கும் வேலையே அடுத்த களைக்கு அழைப்பு வைக்கிறது.

இதற்கு விவசாயிகள் காலங்காலமாகச் செய்யும் பதில் ஒன்று உண்டு. மூடாக்கு. வைக்கோல், சருகு, கரும்புச் சோகை என்று கையில் கிடைத்ததை வைத்து மண்ணின் மேற்பரப்பை மூடிவிடுவது. ஜப்பானிய வேளாண் அறிஞர் மசானபு ஃபுகுவோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' தமிழ் இயற்கை விவசாய வட்டாரத்தில் பிரபலமான புத்தகம். தமிழ்நாட்டில் நம்மாழ்வார் மேடைக்கு மேடை பேசியதும் மூடாக்கைப் பற்றித்தான்: மண்ணை வெயிலில் அம்மணமாக விடக்கூடாது.

மூடாக்கு களைக்குச் செய்வது ஒன்றே ஒன்று. வெளிச்சத்தை நிறுத்துகிறது. வெளிச்சத்துக்காகக் காத்திருந்த விதை முளைக்காது. ஏற்கெனவே முளைத்த செடிக்கு இலையில் உணவு தயாரிக்க முடியாது. வேரில் சேமித்து வைத்ததைத் தின்று தீர்த்துவிட்டுச் செத்துப்போகும். வைக்கோலுக்குப் பதில் வீட்டில் இருக்கும் அட்டை, துணி, சாக்கு என எது வெளிச்சத்தை மறைத்தாலும் இந்த வேலை நடக்கும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் இங்கே ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். அந்த மூடி ஆறு மாதம் கழித்து என்னவாக மாறும்? மண்ணாக மாறுமா, இல்லை மண்ணுக்குள் துண்டு துண்டாகக் கிடக்குமா? எந்தப் பழசு தோட்டத்துக்குள் போகலாம், எது போகக் கூடாது என்பதை முடிவு செய்வது இந்தக் கேள்விதான்.

முதலில், உங்கள் களை எது?

எல்லாக் களையும் ஒரே மாதிரி சாகாது. பிடுங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.

விதையில் வருபவை: சாரணை, குப்பைமேனி, கீழாநெல்லி போன்றவை. பெரும்பாலும் மெல்லிய வேர்தான். இருட்டுக்கு எளிதில் பணியும். ஒரு சீசன் முழுக்க மூடி வைத்தால் பெரும்பகுதி அடங்கிவிடும். இந்தக் கூட்டத்தில் பண்ணைக்கீரை, பருப்புக்கீரை போன்றவையும் இருக்கலாம். வீட்டில் கீரை அடையாளம் தெரிந்த பெரியவர்கள் இருந்தால், அவை களையல்ல, மத்தியானக் குழம்பு. அடையாளத்தில் சந்தேகம் இருந்தால் சாப்பிட வேண்டாம்.

ஓடிப் பரவுபவை: அருகம்புல் முக்கியமான ஆள். மண்ணுக்கு மேலேயும் கொடி ஓடும், கீழேயும் ஓடும். நடுவில் அட்டையைப் போட்டு மூடினால் பக்கவாட்டில் நகர்ந்து ஓரத்தில் எட்டிப் பார்க்கும். இதை மூடும்போது அருகு இருக்கும் இடத்தைத் தாண்டி ஒரு அடியாவது கூடுதலாக மூட வேண்டும். ஓரத்தை வாரம் ஒருமுறை வெட்டிவிட வேண்டும்.

கிழங்கில் வருபவை: இங்கேதான் பலர் தோற்பது. கோரையை மேலே பிடுங்கினால் புல்தான் கையோடு வரும். அடியில் சங்கிலி போல் கோத்துக் கிடக்கும் கிழங்குகள் அப்படியே இருக்கும். உலகின் மோசமான களைகளின் பட்டியலில் ஆய்வாளர்கள் முதலிடம் கொடுத்த செடி இது. அதன் முளை ஊசி மாதிரி கூர்மையானது. வயலில் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட்டையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். பழைய கோரைப்பாயைக் கோரையின் மேல் விரித்தால் சொந்தக்காரன் என்று விட்டுவிடாது, பாயையும் துளைத்துக்கொண்டுதான் வரும். இதற்கு மூடாக்கு ஒரு துணை மட்டுமே. மண் ஈரமாக இருக்கும்போது ஆழமாகத் தோண்டிக் கிழங்கோடு எடுப்பதுதான் முதல் வேலை.

பார்த்தீனியம்: இது தனி ரகம். வெள்ளைப் பூ பூத்து, கேரட் இலை மாதிரி இருக்கும். இந்தியாவில் 1950களில் புனே பக்கம் முதலில் கவனிக்கப்பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவியது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். தொட்டால் பலருக்குத் தோல் அரிப்பு வரும். மகரந்தம் மூச்சுத் தொந்தரவையும் தரும். கையுறையும் முகக்கவசமும் போட்டு, பூக்கும் முன்பே பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கிய பிறகு அந்த இடத்தை மூடினால் அடுத்த தலைமுறை முளைப்பது வெகுவாகக் குறையும்.

எந்தப் பழசு, எந்த வேலைக்கு?

அட்டைப்பெட்டி

ஆன்லைன் ஷாப்பிங் செய்யும் வீடுகளில் இதற்குப் பஞ்சமே இல்லை. பழுப்பு நிற, நெளிநெளியான அட்டைதான் வேண்டும். அதன் அடுக்குகளை ஒட்டும் பசை பெரும்பாலும் மாவுச்சத்தில் செய்தது, மண்ணில் மட்கிவிடும். மட்காதவை மூன்று: பிளாஸ்டிக் டேப், ஸ்டேப்ளர் பின், முகவரி ஒட்டிய லேபிள். மூன்றையும் உரித்துவிட வேண்டும். லேபிளை ஏன் உரிக்க வேண்டும்? பல பார்சல் லேபிள்கள், சூப்பர் மார்க்கெட் பில் மாதிரியே தெர்மல் தாளில் அச்சாகின்றன. அந்தத் தாளில் பூசும் பிஸ்ஃபீனால் வகை ரசாயனங்கள் கீரைப் பாத்திக்குத் தேவையில்லாத விருந்தாளிகள். உங்கள் முகவரியும் போன் நம்பரும் தோட்டத்தில் கிடக்காமல் இருப்பது கூடுதல் லாபம்.

பளபளப்பான கலர் அட்டை, ஜூஸ் டப்பா, மெழுகு பூசிய பெட்டி எதுவும் வேண்டாம். அவற்றில் பிளாஸ்டிக் படலமோ மெழுகோ இருக்கும்.

நியூஸ்பேப்பர்

எட்டு முதல் பத்துத் தாள் கனத்துக்கு அடுக்கி, நனைத்து விரித்தால் சின்னக் களைகளுக்குப் போதும். சீக்கிரம் மட்கிவிடும். அதனால் குறுகிய காலப் பாத்திகளுக்குப் பொருத்தம். வழவழப்பான இணைப்பிதழ் தாள்களைத் தவிர்த்துவிடலாம்.

மை பற்றிய பயம் பலருக்கு இருக்கிறது. வடை, பஜ்ஜியை நியூஸ்பேப்பரில் பொதிந்து தர வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 செப்டம்பரில் மறுபடி எச்சரித்தது உண்மைதான். அது சூடான, எண்ணெய்ப் பதம் உள்ள உணவில் மை நேரடியாக ஒட்டுவதைப் பற்றிய எச்சரிக்கை. மண்ணின் மேல் மட்கும் காகிதத்தின் நிலைமை வேறு. இருந்தாலும் மனசு ஒப்பவில்லை என்றால், நியூஸ்பேப்பரை நடைபாதைக்கும் பூச்செடிக்கும் வைத்துக்கொண்டு, கீரைப் பாத்திக்குச் சருகு, வைக்கோல் போடுங்கள்.

பருத்தித் துணியும் சணல் சாக்கும்

வேட்டி, துண்டு, பருத்திச் சேலை, பெட்ஷீட் எல்லாம் இரண்டு மடிப்பாக விரித்தால் நல்ல மூடாக்கு. சணல் சாக்கு இன்னும் நல்லது. தண்ணீரை உள்ளே விடும், காற்றில் பறக்காது. ஜரிகை, எலாஸ்டிக், பட்டன், ஜிப் இருந்தால் வெட்டி எடுத்துவிட வேண்டும்.

'காட்டன்' என்று சொல்லி வாங்கியது எல்லாம் காட்டன் இல்லை. வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. ஓரத்தில் இருந்து நாலு நூலை உருவி, வெளியே வைத்துக் கவனமாகக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகிச் சுருண்டு கெட்டியான மணி போல் நின்றால் பாலியஸ்டர் கலந்தது. அந்தத் துணி மண்ணுக்குப் போகக் கூடாது. கைப்பிடித் துணியாகவோ மிதியடியாகவோ வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

அரிசி வாங்கும் வெள்ளை நிறப் பிளாஸ்டிக் சாக்கும் இதே கதைதான். நம் ஊர் வெயிலில் சில மாதங்களில் நொறுங்கி இழை இழையாகப் பிரியும். அப்புறம் அதை மண்ணில் இருந்து பொறுக்குவது களை எடுப்பதைவிடப் பெரிய வேலை.

தேங்காய் மட்டை, ஓலை

தேங்காய் உரித்த மட்டையைச் செடியைச் சுற்றிக் கவிழ்த்து அடுக்கினால் களையும் முளைக்காது, ஈரமும் நிற்கும். பச்சை மட்டையில் உப்பும் துவர்ப்புச் சத்தும் இருப்பதால் சில மாதம் மழையில் கிடந்த பழைய மட்டை நல்லது. இல்லையென்றால் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி அலசிப் போடலாம். கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். மல்லாக்க வைத்தால் ஒவ்வொரு மட்டையும் கொசுவுக்கு ஒரு தொட்டி.

பொங்கலுக்குப் பிறகு கிடைப்பவை

போகியின் பழசைவிட நல்ல மூடாக்கு, அதற்கு அடுத்த நாட்களில்தான் வீட்டில் சேரும். கரும்பின் தோகை, வாசலில் கட்டிய வாழைமரம், மஞ்சள் கொத்தின் இலை, மாவிலைத் தோரணம், வாழை இலை எல்லாமே மண்ணாக மாறும். வாழை மரத்தைத் துண்டு போட்டு, பட்டை பட்டையாக உரித்து விரிக்கலாம். கடித்துத் துப்பிய கரும்புச் சக்கையை மட்டும் இரண்டு நாள் வெயிலில் காயவைத்துப் போடுங்கள். அப்படியே போட்டால் எறும்பு மொய்க்கும்.

சரி, எப்படி விரிப்பது?

ஒரு சனிக்கிழமை காலை போதும். வரிசையாகச் செய்ய வேண்டியவை:

1. களையைத் தரையை ஒட்டி அறுத்துவிடுங்கள். விதை பிடித்த தலைகளைத் தனியாக எடுத்துவிடுங்கள். கோரை, அருகு இருந்தால் தோண்டி எடுங்கள். பழைய ஸ்க்ரூடிரைவர், வளைந்துபோன முள்கரண்டி, மொக்கைக் கத்தி எல்லாம் இதற்கு நல்ல ஆயுதங்கள்.

2. மண்ணை நன்றாக நனையுங்கள். காய்ந்த மண்ணின் மேல் மூடினால், அடுத்த மழை உள்ளே இறங்கவே நேரமாகும்.

3. அட்டையையும் துணியையும் தண்ணீரில் முக்கி விரியுங்கள். காய்ந்த அட்டை தண்ணீரை வழியவிட்டுவிடும், காற்றில் எழும்பும். ஈர அட்டை மண்ணோடு ஒட்டிப் படியும்.

4. ஒன்றன் ஓரம் இன்னொன்றின் மேல் ஒரு சாண் அளவுக்கு ஏறியிருக்கட்டும். இடைவெளி விட்டால் களை அதைத்தான் கண்டுபிடிக்கும்.

5. செடியின் தண்டைச் சுற்றி நாலு விரற்கடை இடம் விடுங்கள். தண்டை ஒட்டி ஈரம் நின்றால் அழுகல் வரும்.

6. மேலே சருகு, வைக்கோல், கரும்புத் தோகை என ஏதாவது மூன்று அங்குலத்துக்குப் போடுங்கள். அட்டை பறக்காமல் இருக்கவும், வெயிலில் காய்ந்து சுருளாமல் இருக்கவும் இதுதான் பாரம். தோட்டமும் குப்பைமேடு மாதிரித் தெரியாது.

7. புதிய நாற்று நட வேண்டுமென்றால் அட்டையில் பெருக்கல் குறி போல் கீறி, அந்த இடத்தில் மட்டும் நடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அட்டை, காகிதத்தை மண்ணோடு கலந்து கொத்திவிடக் கூடாது. இவற்றை மட்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும். மண்ணுக்குள் கலந்தால் செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தை அவை கொஞ்ச காலம் எடுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும். மேலே விரிப்பாகக் கிடந்தால் இந்தப் போட்டி பெரிதாக இருக்காது.

ரீல்ஸில் வரும் 'மேஜிக் கலவை' வேலை செய்யுமா?

உப்பு, வினிகர், பாத்திரம் கழுவும் திரவம். இந்த மூன்றையும் கலந்து அடிக்கும் வீடியோ இல்லாத தோட்டப் பக்கமே இல்லை. மறுநாள் களை வாடியிருப்பது உண்மைதான். ஆனால் வாடியது இலை மட்டும்.

சமையலறை வினிகரில் அசிட்டிக் அமிலம் சுமார் 4 முதல் 5 சதவீதம். இது இளம் முளைகளின் இலையைக் கருக்கும். வேரையும் கிழங்கையும் பெரிதாகத் தொடாது. அருகும் கோரையும் இரண்டு வாரத்தில் திரும்பி வரும். உப்பு அதைவிட ஆபத்து. அது களையையும் கத்தரியையும் பிரித்துப் பார்க்காது. சோடியம் சேர்ந்த மண் இறுகிப்போகும், தண்ணீர் உள்ளே இறங்காது. கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும் வீடுகளில், இன்னும் உப்பைக் கொட்டுவது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதுதான். ஆக, அம்மாவின் கிண்டல் சரி.

மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில், பினாயில், பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றைக் களைமேல் ஊற்றும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. கிணறோ போரோ இருக்கும் வீட்டில், அது நாளைக்குக் குடிக்கும் தண்ணீரில் ஊற்றுவது மாதிரி.

கடையில் களைக்கொல்லி வாங்கி அடித்துவிடலாமே என்றால், பலரும் கேள்விப்பட்ட கிளைபோசேட்டை பூச்சிக் கட்டுப்பாட்டு நிபுணர்கள் மூலம் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. கொல்லைப்புறத்தில் கை ஸ்பிரேயரில் அடிக்கிற சமாச்சாரம் இல்லை அது.

சமையலறையில் இருந்து ஒன்று மட்டும் நிஜமாகவே உதவும். கொதிக்கும் வெந்நீர். அதுவும் சிமென்ட் தரை விரிசல், வாசல் கல் இடுக்கில் வரும் களைக்கு மட்டும். பாத்தியில் ஊற்றினால் மண்புழுவும் வெந்துவிடும். கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பதால் குழந்தைகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பாருங்கள்.

பிளாஸ்டிக்கே கூடாதா?

ஒரே ஒரு வேலைக்குக் கூடும். புது மெத்தை, ஃப்ரிட்ஜ் சுற்றி வரும் பெரிய, நிறமில்லாத பிளாஸ்டிக் ஷீட் இருந்தால் பங்குனி, சித்திரை வெயிலுக்குப் பத்திரப்படுத்துங்கள். காலியான பாத்தியைச் சமப்படுத்தி, நனைத்து, ஷீட்டை மண்ணோடு ஒட்டி விரித்து, நாலு பக்க ஓரத்தையும் மண்ணால் மூடிவிட வேண்டும். நாலு முதல் ஆறு வாரம். உள்ளே சூடு ஏறி, மேல்மண்ணில் உள்ள களை விதைகளில் பெரும்பகுதி வெந்துபோகும். 1970களில் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் மண்ணில் வரும் நோய்களுக்காக உருவாக்கிய முறை இது. இன்றைக்குப் பல நாடுகளில் களைக்கும் பயன்படுகிறது. கறுப்பு ஷீட்டைவிட நிறமில்லாததுதான் இதற்கு ஏற்றது. வெயில் ஊடுருவி உள்ளே போக வேண்டும். ஆழத்தில் உள்ள கோரைக்கிழங்கு இதிலும் தப்பிக்கலாம்.

முடிந்ததும் ஷீட்டை, கிழியும் முன்பே, சுருட்டி எடுத்து மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் தோட்டத்துக்கு விருந்தாளியாக வரலாம், குடியிருக்கக் கூடாது.

இவற்றுக்கு அனுமதி இல்லை

ஃப்ளெக்ஸ் பேனர்: கல்யாணம், கட்சிக் கூட்டம் முடிந்தால் எளிதாகக் கிடைக்கும். நன்றாக வெளிச்சத்தையும் மறைக்கும். ஆனால் அது பிவிசி பூசிய துணி. வெயிலில் செதில் செதிலாக உதிரும். தண்ணீரையும் காற்றையும் மண்ணுக்குள் விடாது.

பழைய கார்ப்பெட், பிளாஸ்டிக் பாய், ஃபோம் மெத்தை: இழைகளும் துகள்களும் மண்ணில் தங்கிவிடும்.

டயர்: தண்ணீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இதைவிடப் பிடித்த வீடு இல்லை. மாநகராட்சி ஆட்கள் வீடு வீடாக வந்து முதலில் தேடுவதும் டயர், தேங்காய்ச் சிரட்டை, உடைந்த பக்கெட் ஆகியவற்றைத்தான்.

பெயின்ட் அடித்த பழைய பலகை, உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்: பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. பாத்தியின் ஓரத்தில் தடுப்பாகக்கூட வைக்க வேண்டாம்.

கரையான், தேள், நத்தை வராதா?

வரலாம். ஈரமான அட்டைக்குக் கரையான் வருவது நம் ஊரில் சகஜம். அட்டை மட்குவதற்கு அதுவும் ஒரு காரணம். சிக்கல், அது வீட்டுச் சுவருக்கும் கதவு நிலைக்கும் நகரும்போதுதான். அதனால் சுவரை ஒட்டி இரண்டு அடிக்கு அட்டை, துணி போட வேண்டாம். அந்த இடத்தில் உடைந்த ஓடு, செங்கல் ஜல்லி பரப்பினால் போதும். அதுவும் வீட்டுப் பழசுதான்.

தேளும் பூரானும் இருட்டான ஈரத்தில் ஒதுங்கும். பழைய பாயையோ சாக்கையோ வெறும் கையால் தூக்காதீர்கள். ஒரு குச்சியால் தட்டி, உங்கள் பக்கத்து ஓரத்தை அல்லாமல் எதிர்ப்பக்க ஓரத்தை முதலில் தூக்குங்கள். காலில் செருப்பு அல்ல, ஷூ இருக்கட்டும். மழைக்காலத்தில் நத்தைகள் அட்டைக்கு அடியில் சேரும். விடிகாலையில் தூக்கிப் பார்த்துப் பொறுக்கிவிடலாம். ஒரு வகையில் அட்டையே நத்தைக்குப் பொறி.

அட்டைக்கும் ஒரு எதிர்க்கட்சி உண்டு

'அட்டை போடு, எல்லாம் சரியாகும்' என்று சொல்லும் வீடியோக்கள் ஒரு விஷயத்தைச் சொல்வதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோட்டக்கலை அறிஞர் லிண்டா சாக்கர்-ஸ்காட், அட்டை மூடாக்கைப் பல ஆண்டுகளாக விமர்சித்து வருகிறார். அட்டை போன்ற தகடுகள் மண்ணுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே ஆக்சிஜன் போக்குவரத்தைக் குறைக்கின்றன என்பது அவரது வாதம். அவர் பரிந்துரைப்பது மரச் சிராய் போன்ற, இடைவெளி உள்ள மூடாக்கைக் கனமாகப் போடுவது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நடைமுறைக்கு ஒரு வழி கிடைக்கிறது. களை மண்டிய, இன்னும் எதுவும் நடாத இடத்தை முதலில் அடக்க அட்டை. அதுவும் ஒரே அடுக்கு, ஒரே சீசன். அது மட்கிய பிறகு, செடிகள் வளரும் பாத்தியில் சருகு, வைக்கோல், தேங்காய் மட்டை. வளர்ந்த மரங்களின் வேரைச் சுற்றி அட்டையை வருடக்கணக்கில் அடுக்கிக்கொண்டே போக வேண்டாம்.

மாடித்தோட்டம் என்றால்?

மண் இல்லாத பிளாட்டில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். க்ரோ பேக்கிலும் களை வரும். எரு, தொழுவுரத்தோடு சேர்ந்தே வரும். பையின் வாய் அளவுக்கு வட்டமாக அட்டையையோ சணல் சாக்கையோ வெட்டி, நடுவில் செடிக்கு ஓட்டை விட்டு, ஒரு பக்கம் கீறித் திறந்து மாட்டிவிடலாம். கோடையில் மொட்டை மாடியில் மண் காய்வதும் குறையும், தண்ணீர் செலவும் குறையும். இரண்டு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். துணியோ சருகோ மழைநீர்க் குழாயின் வாயை அடைக்கக் கூடாது. பைக்குக் கீழ் வைத்த தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது.

பிடுங்கிய களையை என்ன செய்வது?

விதை பிடிக்காத களையை அங்கேயே மூடாக்காகப் போட்டுவிடலாம். கோரைக்கிழங்கு, அருகு வேர், விதை பிடித்த பார்த்தீனியம் ஆகியவற்றை மட்டும் உரக்குழியில் போட்டால் உரத்தோடு திரும்பி வரும். அருகையும் கோரையையும் விரிசல் விழுந்த பழைய பக்கெட்டில் போட்டு, மாடியில் பல நாள் வெயிலில் நன்றாகக் காயவிடலாம். அல்லது ஒழுகாத பக்கெட்டில் தண்ணீரில் முக்கி, மேலே கல் வைத்து, சில வாரம் அழுகவிடலாம். பக்கெட்டின் வாயைக் கொசு புகாத துணியால் இறுக்கிக் கட்டுவது கட்டாயம். நாற்றமும் அடிக்கும் என்பதால் ஜன்னலுக்குத் தள்ளியே வையுங்கள். அழுகிய தண்ணீரை நிறையத் தண்ணீர் கலந்து செடிக்கு ஊற்றலாம்.

எப்போது தூக்கிப் பார்க்கலாம்?

தை முதல் வாரத்தில் விரித்தால், மாசி முடியும் வரை பொறுமை வேண்டும். தினமும் தூக்கிப் பார்த்தால் தினமும் வெளிச்சம் போகும். இரண்டு மாதம் கழித்து, குச்சியால் தட்டி, ஒரு மூலையைத் தூக்குங்கள். அட்டை கையில் பிய்ந்தால் நல்லது. அடியில் மண் கறுத்து, பொலபொலவென்று இருக்கும். இரண்டு மண்புழு நெளியலாம். ஓரத்தில் வெளிறிய மஞ்சளில் நாலு கோரை முளை நீட்டிக்கொண்டிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அதைக் கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டு, அந்த மூலையில் இன்னொரு அட்டையைப் போட்டு மூடுங்கள்.

வாசலில் சேர்ந்த குவியலை இனி மூன்றாகப் பிரிக்கலாம். மண்ணாக மாறுவது பின்பக்கம் போகட்டும். உடுத்தக்கூடியதும் புழங்கக்கூடியதும் தேவைப்படுபவர்களிடம் போகட்டும். மிச்சம் தூய்மைப் பணியாளரிடம், தரம் பிரித்து. தீயில் போட எதுவும் மிஞ்சவில்லை என்றால் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும். சாஸ்திரத்துக்கு ஒரு கைப்பிடி காய்ந்த வறட்டியைக் கொளுத்திக்கொள்ளலாம். அந்தச் சாம்பலையும் ஆறியபின் தோட்டத்தில் தூவிவிடலாம்.